செல்லையாவின் ராட்டினமும் என் ஒரு சொல்லும்

செல்லையா என்ற மனிதரின் தொழிலை ஒரே ஒரு சொல்லால் கெடுத்தவன் நான். அதை ஒலிபெருக்கியில் சொன்னேன். சொன்னபோது எனக்குப் படிப்பு இருந்தது, பதவி இருந்தது, தோளில் சால்வையும் இருந்தது. புத்தி மட்டும் எங்கோ வெளியே போயிருந்தது.

கல்லூரி விடுதியில் எலி பிடித்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "ஐயா தன்னைப் பற்றி நல்லதாகவே எழுதிக்கொள்கிறார்" என்று அவிநாசியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நியாயமான குற்றச்சாட்டு. இந்த வாரம் சரிசெய்துவிடுகிறேன்.

பனியன் போட்ட குதிரைகள்

பனியனின் நெஞ்சில் படம் அச்சடிக்கும் பட்டறைக்காரர்களுக்குத் திருப்பூரில் ஒரு சங்கம் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை புதுமைப் பரிசு ஒன்று கொடுப்பார்கள். ஜவுளித் தொழில்நுட்பம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னை நடுவராகப் போட்டார்கள். என் தலையில் கொஞ்சம் கறுப்பு மிச்சமிருந்த காலம் அது.

அந்த ஆண்டு, விழா நடந்த கல்யாண மண்டபத்தின் திடலில் ஒரு குடை ராட்டினம் நின்றது. திருவிழாவில் பிள்ளைகள் மரக்குதிரை மேல் உட்கார்ந்து சுற்றுவார்களே, அதேதான். சிவப்புக் குதிரை, பச்சைக் குதிரை, பல்லை இளிக்கும் வெள்ளைக் குதிரை. சேணம் இருக்க வேண்டிய இடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை அடித்திருந்தது. ஒவ்வொரு பலகையிலும் ஒரு பனியன். தூரத்திலிருந்து பார்த்தால், குதிரைகள் எல்லாம் குளித்து உடுத்தி எங்கோ விசேஷத்துக்குக் கிளம்பி நிற்பதுபோல இருந்தது.

பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்றவர்தான் செல்லையா. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, சொந்தமாகச் சின்னப் பட்டறை போட்டவர். அடக்கம் என்பது அவரிடம் பேருக்குக்கூடக் கிடையாது.

"சார், உலகத்துல இப்படி ஒண்ணு கெடையாது. பாத்துட்டு மயக்கம் போட்டுராதிய" என்றார்.

அப்போதெல்லாம் சின்னப் பட்டறைகளில் நீள மேசைதான். பனியன்களை வரிசையாக விரித்துவிட்டு, சாயம் ஊற்றிய வலைச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஆள் ஒவ்வொன்றாக அடித்தபடி நடப்பார். ஒரு நிறம் முடிந்தால் திரும்ப வந்து அடுத்த நிறம். நாள் முழுக்க நடை. செல்லையாவின் ஏற்பாட்டில் ஆள் நிற்பார், பனியன் சுற்றும். ஒருவர் சிவப்பை அடித்துவிட்டுக் குதிரையின் காதைப் பிடித்துத் தள்ளுவார். குதிரை சூடான விளக்குகளின் கீழே போய்க் காய்ந்து அடுத்தவரிடம் வரும். அவர் நீலத்தை அடித்துவிட்டு மறுபடி காதைப் பிடிப்பார்.

அது நன்றாகவே வேலை செய்தது. இதை அன்று சொல்லாததால் இன்று எழுதுகிறேன்.

சங்கத் தலைவர் கனத்த சரீரம். "சின்ன வயசுல ஏறுனதுங்க" என்று சொல்லிக்கொண்டே, யாரும் தடுப்பதற்குள் வெள்ளைக் குதிரையில் ஏறிவிட்டார். அதன் பனியனில் சாயம் இன்னும் காயவில்லை. ஒரு சுற்று சுற்றி இறங்கி, மேடையேறி வரவேற்புரை ஆற்றி முடித்துத் திரும்பினார். வேட்டியின் பின்புறத்தில் 'நியூயார்க்' என்ற எழுத்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம்வலம் மாறிப் பதிந்திருந்தது. ஒருவரும் சொல்லவில்லை. தலைவர் அல்லவா.

நான் வகுத்த விதி

போட்டிக்கு ஒரு விதி உண்டு. 'படைப்பு, இதற்கு முன் உலகில் எங்கும் இல்லாததாக இருத்தல் வேண்டும்.' எழுதியவன் நான். அந்த 'இருத்தல் வேண்டும்' மீது எனக்குத் தனிப் பெருமை.

விதிப்படி செல்லையாவைச் சோதித்தேன். ராட்டினம் தேர்த்திருவிழாவில் இருக்கிறது. சுற்றிச் சுற்றி அச்சடிக்கும் இயந்திரம் வெளிநாட்டில் இருக்கிறது, படம் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஏற்கெனவே உள்ளவை. ஒலிபெருக்கியைப் பிடித்து இதையெல்லாம் விளக்கிவிட்டு, தீர்ப்பைச் சொன்னேன்.

"ஆகவே, செல்லையா செய்திருப்பது காப்பி."

சமையற்கட்டில் இருந்தவர்களுக்கு, மேடையில் சொன்னதும் காப்பியைக் கொண்டுவர வேண்டும் என்று யாரோ உத்தரவு கொடுத்திருந்தார்கள். மேடையில் சொல்லியாகிவிட்டது. எவர்சில்வர் தம்ளர்கள் அடுக்கிய தட்டுகளோடு நாலு பக்கமும் ஆட்கள் புறப்பட்டு வந்தார்கள்.

மண்டபம் சிரித்தது. தலைவர் எழுந்து நின்று சிரித்தார், அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் இரண்டு காரணத்துக்காகச் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கட்டும் என்று விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை. "இதாவது சொந்தச் சரக்கா என்று விசாரித்துக் குடியுங்கள்" என்றேன். கைதட்டல் கிடைத்தது. எனக்கு அதற்கு முன் மேடையில் நகைச்சுவைக்குக் கைதட்டல் கிடைத்ததே இல்லை.

செல்லையா கீழே இருந்து கேட்டார். "ராட்டினத்துல எவன்யா பனியன் அடிச்சான்? வெளிநாட்டு மிசின்ல எங்கய்யா குதிரை இருக்கு? ரெண்டையும் சேத்தது யாரு, உங்க தாத்தாவா?"

கேள்வி சரியானது. காப்பி வந்துவிட்டதால் யார் காதிலும் விழவில்லை.

தலை நுழையாத பனியன்

பரிசு யாருக்குப் போனது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஒரு பனியன் கம்பெனி முதலாளியின் மகன், கழுத்தே இல்லாத பனியனைக் கொண்டுவந்திருந்தான். கை இருந்தது, நெஞ்சு இருந்தது, தலை போகிற இடம் தைத்து மூடியிருந்தது. காற்றுப் புகாது, சளி பிடிக்காது என்றான்.

"தலை எப்படிப்பா வெளியே வரும்?" என்று கேட்டேன்.

"அது அடுத்த கட்டமுங்க சார்."

உலகில் எங்கும் இல்லாதது. என் விதிக்கு அப்பழுக்கில்லாமல் பொருந்தியது. சால்வை போர்த்தினேன்.

வீட்டுக்கு வந்து, மேடையில் பேசியதையெல்லாம் மனைவி சரஸ்வதியிடம் சொல்லி, மாதிரிக்குக் கொடுத்த அந்தப் பனியனைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, கையை வெட்டியுட்டா இது தலகாணி உறை தானுங்களே?"

அதோடு நிறுத்தவில்லை. அன்றிரவு இட்லி உப்புமா. தட்டில் வைக்கும்போது, "காலையில மிஞ்சின இட்லி. தாளிச்சது எங்கம்மா கைப்பக்குவம். இதுல என்னோடது ஒண்ணுமில்லீங்க. வேண்டாம்னா சொல்லிருங்க, எடுத்துக்கறேன்" என்றாள்.

சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன்.

ஊர் புரிந்துகொண்ட பொருள்

வேறு தொழிலில் 'காப்பி' ஒரு கேலி. எங்கள் ஊர் அச்சுப் பட்டறைக்காரனுக்கு அது மரண அறிவிப்பு.

கம்பெனிக்காரர்கள், கடைக்கு வராத புதுப் படங்களைப் பட்டறைக்காரரை நம்பித்தான் கொடுப்பார்கள். பட்டறைக்காரர் நினைத்தால் அந்தப் படத்தை அடுத்த கம்பெனிக்குத் தள்ளிவிடலாம். அப்படித் தள்ளுகிறவனைத்தான் இங்கே 'காப்பி' என்பார்கள். மண்டபத்தின் பின்வரிசையில் இருந்தவர்கள் என் விளக்கத்தைக் கேட்கவில்லை. செல்லையா என்ற பேரும் காப்பி என்ற சொல்லும் மட்டும் அவர்கள் காதில் அடுத்தடுத்து விழுந்தன. மறுநாளே அவர் படம் திருடுகிறவர் ஆகிவிட்டார்.

ஒரு கம்பெனியிலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. "சார், செல்லையா காப்பிங்களாமே? நீங்களே சொன்னீங்களாமே?"

என் உண்மையான குற்றம் இங்கேதான் இருக்கிறது. மேடையில் சொன்னது அசட்டுத்தனம். இது அப்படியில்லை. அவர் திருடரில்லை, நான் சொன்னது ராட்டினத்தைப் பற்றி என்று ஒரு நிமிடம் விளக்கினால் போதும். விளக்கினால் அடுத்த கேள்வி வரும்: அப்புறம் ஏன் சார் தலையணை உறைக்குப் பரிசு கொடுத்தீங்க? சரஸ்வதி வைத்த அந்தப் பேர் அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது.

"நான் அப்படிச் சொன்னது உண்மைதான்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதன் பிறகும் சிலர் கேட்டார்கள். அதே பதில்தான்.

செல்லையாவுக்கு வேலை நின்றது. பட்டறையை மூடினார். ராட்டினத்தைப் பிரித்து விற்றார். பச்சைக் குதிரையை ஒரு பேக்கரி வாசலில் பார்த்தேன், முதுகில் பலகை அப்படியே இருக்க, அதன்மேல் முறுக்குப் பாட்டில் வைத்திருந்தார்கள். அவர் மடத்துக்குளம் பக்கம் போய், மாட்டுத் தீவன மூட்டைக்கு அச்சடிக்கிறார் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டதோடு சரி.

என் சொந்தக் கண்டுபிடிப்பு

நடுவராக உட்கார எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒரு கண்டுபிடிப்பாளன்.

பின்னல் இயந்திரத்திலிருந்து பறக்கும் பஞ்சைப் பிடிக்க, கல்லூரியில் ஒரு சல்லடை அமைப்பைச் செய்தேன். ஆய்வரங்கத்தில் காட்டினேன். மாணவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். 'சிந்தனையில் உதித்தது' என்று பேசினேன்.

அது உதித்தது அடுக்களையில். சரஸ்வதியின் டீ வடிகட்டி. முதல் மாதிரிக்கு அதையேதான் எடுத்துப்போய்ப் பொருத்தினேன். ஒரு வாரம் அவள் துணியில் டீ வடிகட்டினாள்.

"என்னோட வடிகட்டி எங்கீங்க?" என்று கேட்டாள்.

"ஆய்வில் இருக்கிறது" என்றேன்.

"ஆய்வு முடிஞ்சா கழுவிக் கொண்டாங்க."

வடிகட்டியைப் பஞ்சுக்கு வைக்கலாம் என்று எனக்கு முன்னால் அந்தக் கல்லூரியில் யாருக்கும் தோன்றவில்லை. அதனால் அது என் கண்டுபிடிப்புத்தான், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். எனக்குக் கொடுத்துக்கொண்ட இந்தச் சலுகையைச் செல்லையாவுக்குக் கொடுக்கவில்லை.

பாதியில் அறுந்த மன்னிப்பு

சமீப ஆண்டுகளில், சுற்றும் அச்சு மேசைகள் ஊர் முழுக்க வந்துவிட்டன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். செல்லையா திருப்பூருக்கே திரும்பி வந்து, மனைவி பேரில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. பழைய கதையைப் புது ஆட்கள் மறந்துவிட்டிருந்தார்கள்.

சங்க விழாவுக்கு மூத்தவன் என்று என்னை அழைத்திருந்தார்கள். பரிகாரம் செய்ய இதுதான் இடம் என்று முடிவுசெய்தேன். யாரையும் கேட்கவில்லை, செல்லையாவைக் கேட்கவில்லை. மேடையேறினேன்.

"பட்டறை நடத்தும் செல்லையாவை உங்களில் பலர் அறிவீர்கள். அவர் செய்தது காப்பி என்று இதே மேடையில் நான் சொன்னேன்" என்று தொடங்கினேன். உணர்ச்சி மிகுதியால் நிறுத்தி, தண்ணீர் குடித்தேன். பிறகு, அது பெருந்தவறு, என்னை மன்னிக்க வேண்டும் என்று விரிவாகப் பேசினேன்.

ஓர் இளைஞர் அதைப் படம்பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். நீளமாக இருந்தால் ஸ்டேட்டஸ் பாதியில் அறுத்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. நான் தண்ணீர் குடிக்கும் இடத்தில் அறுத்துவிட்டது. பேராசிரியர் ஒருவர் கண்கலங்கி, செல்லையா காப்பி என்று சொல்லிவிட்டு, துக்கம் தாளாமல் தண்ணீர் குடிக்கிறார். ஊர் முழுக்கப் பரவியது.

அந்த வாரமே செல்லையா என் வீட்டு வாசலில் நின்றார். முடி நரைத்திருந்தது. இடுப்பில் வைத்த கை மட்டும் அப்படியே இருந்தது.

"சார், நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்? ஊரு மறந்து போயி, இப்பத்தான் ரெண்டு கம்பெனி வேலை குடுத்தான். அதுல ஒருத்தன் படத்தத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டான்."

"மன்னிப்புத்தான் கேட்டேன்" என்றேன்.

"ஒரு தடவ பேசி கடைய மூட வச்சிய. இப்பம் மன்னிப்புக் கேட்டு மூட வைக்கப் பாக்கிய. உங்களுக்குப் பேச வரல. விட்ருங்க. எனக்கு வேலை வாங்கிக் குடுங்க."

சரஸ்வதி தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தாள். "நானும் அதையேதானுங்க சொல்றது. இவுருக்கு மைக்கு ஆகாதுங்க" என்றாள்.

என் தங்கை மகன் ஏற்றுமதிக் கம்பெனி வைத்திருக்கிறான். அவனிடம் போனேன்.

"மாமா, அந்தாளு காப்பிங்களாமா. கொடுக்க முடியாதுங்க."

"யார் சொன்னது?"

"நீங்கதானுங்க மாமா. ஸ்டேட்டஸ்ல."

காளை

வேறு வழி இல்லாமல், நானே வாடிக்கையாளன் ஆனேன். காலையில் பூங்காவில் நடக்கும் எங்கள் கிழவர் கூட்டத்துக்குப் பனியன் போடலாம் என்று எல்லாரையும் சம்மதிக்க வைத்தேன். படத்தை நானே வரைந்தேன். தலையைத் தாழ்த்தி, ஒரு முன்னங்காலைத் தூக்கி நடக்கும் காளை. நான்கு நாள் உழைப்பு. முழுக்க முழுக்க என் கற்பனை. செல்லையாவின் பட்டறைக்கு எடுத்துப்போய் விரித்தேன். நம்பி ஒப்படைக்கிறேன், வெளியே போகக் கூடாது என்று நான்கு பேர் கேட்கச் சொன்னேன்.

அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"சார், நீங்க பாலு எங்க வாங்குதிய?"

"பூங்காவுக்குப் பக்கத்தில், பால் டிப்போவில்."

"அங்கன தீவன மூட்டை அடுக்கியிருக்குமே?"

"இருக்கும்."

உள்ளே போய் ஒரு வெற்றுச் சாக்கை எடுத்துவந்து என் படத்தின் பக்கத்தில் விரித்தார். அதே காளை. அதே தாழ்த்திய தலை, தூக்கிய கால். என்னுடையதில் வால் மட்டும் கொஞ்சம் மோசம்.

"மடத்துக்குளத்துல இருக்கும்போது நான் வரைஞ்சது" என்றார்.

எவ்வளவோ நாள் அந்தச் சாக்குகளைத் தாண்டி நடந்திருக்கிறேன். பார்த்ததாகவே நினைவில்லை. பட்டறையில் நான்கு பேரும் வேலையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். நாற்காலி தேடி உட்கார்ந்தேன்.

"நீங்கள் இதை எதைப் பார்த்து வரைந்தீர்கள்?" என்று கேட்டேன். கேட்க வேறு ஒன்றும் இல்லை.

"கொம்பு காங்கேயம் மாடு. உடம்பு எங்கூரு மாடு. மூஞ்சி என் மச்சினன். அவன் கோவத்துல அப்படித்தான் தலைய தாத்துவான்."

பட்டறையே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும், படம்பிடிக்கத் தன் செல்பேசியை என் முன்னால் நீட்டினார்.

"இப்பம் பேசுங்க. தண்ணி குடிக்காமப் பேசுங்க. சட்டுன்னு முடிங்க."

சாக்கையும் என் படத்தையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "செல்லையா வரைந்த படத்தை நான் திருடிவிட்டேன். அவர் யாருடையதையும் திருடியதில்லை." அவ்வளவுதான். எதுவும் அறுபடவில்லை.

அந்தக் காளைக்கு அவரே நாலு காலிலும் கேன்வாஸ் ஷூ போட்டு, லேஸையும் கட்டிவிட்டு எங்கள் பனியனில் அடித்தார். காளையும் பழையது, ஷூவும் பழையது. பூங்காவில் நடக்கும் பெண்கள் கூட்டம் தங்களுக்கும் அதேபோல வேண்டும் என்று கேட்டு வந்தது, பசுவாக.

சட்டை

என் திருட்டு வாக்குமூலம் நான் நினைத்ததைவிட வேகமாகப் பரவியது. சங்கத்தில் என் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார்கள் என்று கேள்வி. பழைய மாணவர் ஒருவர் அழைத்து, தன் ஆய்வேட்டையும் நான் எடுத்தேனா என்று பணிவாக விசாரித்தார்.

தங்கை மகன் வீட்டுக்கே வந்தான். "உங்களையே திருட வெச்ச கைன்னா, அது கைதானுங்க மாமா" என்றான். ஒரு சின்ன வேலையைச் செல்லையாவுக்கு அனுப்பினான். படத்தைக் கொண்டுபோன பெண், கொடுக்கும் முன் தயங்கி, அந்தப் பழைய பேச்சைப் பற்றிக் கேட்டாள். செல்லையா உடனே என்னை அழைத்தார்.

"சார், கெளம்பி வாங்க. வந்து நேர்ல சொல்லுங்க."

"என்னை மன்னித்துவிட்டீர்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பொறவு. மொதல்ல பஸ் ஏறுங்க."

போனேன். சொன்னேன். அந்தப் பெண் படத்தைக் கொடுத்தாள்.

அதுவே வழக்கமாகிவிட்டது. புதிதாக யாராவது வந்து தயங்கினால் எனக்கு அழைப்பு வரும். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு போவேன். செல்லையா ஒரு நாற்காலி போடுவார். "நான்தான் தவறாகச் சொன்னது. தவறு என் பேரில்" என்பேன். வந்தவர்கள் சங்கடத்தோடு தலையாட்டுவார்கள். செல்லையா என்னிடம் வேறொன்றும் பேசமாட்டார். பஸ் நிறுத்தம் வரை வந்து விட்டுவிட்டுப் போவார். "வேலைக்குப் போயிட்டு வந்துட்டீங்களா?" என்பாள் சரஸ்வதி.

ஒரு நாள் அவரே அழைத்தார். கோவையிலிருந்து பெரிய கம்பெனி ஆட்கள் வந்து படம் கொடுத்துவிட்டுப் போனார்களாம்.

"நான் வரவேண்டாமா?"

"வேண்டாம் சார். அவுஹ ஒண்ணும் கேக்கல."

"ஒன்றுமே கேட்கவில்லையா?"

"கேட்டா கூப்புடுதேன்" என்றார்.

அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. பட்டறையை அடுத்த கட்டடத்துக்கும் நீட்டியிருக்கிறார் என்று தங்கை மகன் சொன்னான். சரஸ்வதி தினமும் மதியம் கேட்கிறாள், இன்னிக்கும் கூப்புடலீங்களா என்று. இல்லை என்கிறேன். அப்ப நல்லதுதானுங்களே என்கிறாள்.

நல்லதுதான். இருந்தாலும் காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டி வைத்துவிடுகிறேன்.